நுரையீரல் மூச்சு விடுவதில்லை

(நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



அவைத் தலைவர் என்னை அறிமுகப்படுத்தும்போது, "முப்பத்தைந்து வருடமாக மக்களுக்கு மூச்சுக் கொடுத்தவர்" என்றார். கேட்கக் காதுக்கு இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் மயக்க மருந்து டாக்டர். முப்பத்தைந்து வருடமாக நான் செய்த வேலை, மூச்சை நிறுத்துவது!

சிரிக்காதீர்கள், நிஜம்தான். காலை எட்டு மணிக்கு ஆபரேஷன் தியேட்டருக்குள் போவேன். நோயாளியைத் தூங்கவைப்பேன். பிறகு இன்னோர் ஊசி. ஒன்று, ஒன்றரை நிமிடம் போகும். ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்த வயிறு அப்படியே நின்றுவிடும். இதயம் துடிக்கிறது. மூளை உறங்குகிறது, சாகவில்லை. நுரையீரல் இருக்கிறது. ஓட்டை இல்லாத, சளி இல்லாத, முதல்தரமான நுரையீரல். எல்லாம் இருக்கிறது, மூச்சு மட்டும் இல்லை. ஏன் இல்லை? நான் போட்ட ஊசி நுரையீரலைத் தொடவே இல்லையே! அது தொட்டது எதை?

தசையை. அதுதான் இன்றைய பேச்சின் பொருள்.

கறிக்கடையில் ஆட்டின் நுரையீரலைப் பார்த்திருப்பீர்கள். இளஞ்சிவப்பாக, பஞ்சுபோல, அமுக்கினால் அமுங்கும். அதில் சதை எங்கே இருக்கிறது? இழுக்க ஒரு நார் இருக்கிறதா? காற்றுக்குழாய்களைச் சுற்றிக் கொஞ்சம் மென்தசை உண்டு. அதற்குக் குழாயை இறுக்கத் தெரியும், காற்றை உள்ளே இழுக்கத் தெரியாது. ஆஸ்துமாக்காரர்களுக்குத் தொல்லை கொடுப்பது அந்தத் தசைதான். ஆக, நுரையீரல் மூச்சு விடுவதில்லை. நுரையீரலுக்கு மூச்சு விடப்படுகிறது. விடுவது யார்?

இதற்கு விடை சொல்ல ஒரு கழுதையைக் கூப்பிடப் போகிறேன்.

1814-ஆம் ஆண்டு. இலண்டன். சார்லஸ் வாட்டர்டன் என்று ஓர் ஊர்சுற்றி. தென் அமெரிக்காவில் கயானாக் காடுகளில் அலைந்து, அங்குள்ள மக்கள் அம்பு நுனியில் தடவுகிற விஷத்தைக் கொண்டுவந்திருந்தார். குராரே என்கிறோமே, அந்த வகை விஷம். ஒரு பெண் கழுதையின் தோளில் அதைச் செலுத்தினார்கள். பத்து நிமிடத்தில் கழுதை செத்ததுபோல விழுந்தது. அப்போது என்ன செய்தார்கள் தெரியுமா? மூச்சுக்குழாயில் ஒரு துளை போட்டு, அதில் துருத்தியை வைத்து ஊதினார்கள். நம்மூர்க் கொல்லன் பட்டறையில் இருக்குமே, அந்தத் துருத்தியின் தம்பி. ஊதினார்கள், ஊதினார்கள், இரண்டு மணி நேரம் ஊதினார்கள். கழுதை தலையைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தது. சரி, பிழைத்துவிட்டது என்று ஊதுவதை நிறுத்தினார்கள். மறுபடி சரிந்தது. மறுபடி ஊதினார்கள், இன்னும் இரண்டு மணி நேரம். பிறகு எழுந்தே விட்டது. அதற்கு வூராலியா என்று பெயர் வைத்து, வேலை எதுவும் வாங்காமல் தம் பண்ணையில் வளர்த்தார் வாட்டர்டன். 1839 வரை அது உயிரோடு இருந்தது.

அந்தக் கழுதைக்கு விஷம் என்ன செய்தது? நரம்பு தசைக்குச் சொல்லும் சேதியை இடையில் மறித்துவிட்டது, அவ்வளவுதான். சேதி வராத தசை தொய்ந்துவிட்டது. இதயமும் தசைதானே, அது ஏன் நிற்கவில்லை என்று முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட செவிலியர் கல்லூரி மாணவிகள் கேட்பீர்கள். இதயத்துக்கு வெளியிலிருந்து உத்தரவு தேவையில்லை, தன் தாளத்தைத் தானே போட்டுக்கொள்ளும். மூச்சுத் தசைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் மூளையிலிருந்து ஓர் உத்தரவு வந்தாக வேண்டும். 1942 ஜனவரி 23 அன்று, மான்ட்ரியல் நகரில் ஹெரால்டு கிரிஃபித் என்ற மயக்க மருந்து மருத்துவர், குடல்வால் அறுவைக்கு வந்த நோயாளிக்கு இந்தக் குராரேயைத் துணிந்து கொடுத்தார். தசையைத் தளர்த்தி மூச்சை நிறுத்தும் எங்கள் பிழைப்பு அன்று தொடங்கியதுதான்.

சரி, துருத்திக்கு வருவோம். வாட்டர்டன் காற்றை உள்ளே தள்ளினார். நம் உடம்பு அப்படிச் செய்கிறதா? நம் நெஞ்சுக்குள் யாரும் உட்கார்ந்து ஊதவில்லையே! உடம்பு தள்ளுவதில்லை, இழுக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் மேயோ என்ற இளைஞர், 1674-இல் வெளியான தம் நூலில் இதைச் சொல்லிவிட்டார். ஒரு துருத்திக்குள் ஒரு பிராணியின் சிறுநீர்ப்பையை வைத்து, அதன் வாய் மட்டும் வெளியே திறந்திருக்குமாறு செய்தார். துருத்தியின் பிடிகளை விரித்தால் பை தானாக உப்புகிறது. பையை யாரும் ஊதவில்லை. சுற்றியுள்ள அறை பெரிதாயிற்று, காற்று உள்ளே ஓடி வந்தது. பைதான் நுரையீரல். துருத்தி நம் நெஞ்சுக்கூடு. பிடிகளை விரிக்கும் கைகள் எவை?

முதல் கை, பெரிய கை, உதரவிதானம்.

இந்தச் சொல்லைக் கொஞ்சம் நாவில் உருட்டிப் பாருங்கள். உதரம் என்றால் வயிறு. விதானம் என்றால் மேற்கட்டி. கல்யாணத்தில் மணமேடைக்கு மேலே துணி கட்டுவோமே, அது. வயிற்றுக்கு மேலே கட்டிய மேற்கட்டி! கிரேக்கர்கள் இதற்குத் தடுப்பு என்ற பொருளில் வெறுமனே ஒரு பெயர் வைத்தார்கள். நம் சொல்லைக் கண்டவர் யாரோ, அந்த வளைவைப் பார்த்து வைத்திருக்கிறார். ஒரே ஒரு திருத்தம் சொல்வேன். வயிற்றுக்குத்தான் அது கூரை, நுரையீரலுக்கு அது தரை.

துணி எங்கே கட்டியிருக்கிறது? முன்னால் மார்பெலும்பின் அடிநுனியில், பக்கவாட்டில் கீழ் ஆறு விலா எலும்புகளின் உட்புறத்தில், பின்னால் இடுப்பு முதுகெலும்பில். ஓரமெல்லாம் சதை, நடுவில் வெள்ளைத் தசைநார்த் தகடு. ஓரத்துச் சதை சுருங்கினால் மேடு கட்டிய நடுப்பகுதி கீழே இறங்கும். நீங்கள் இப்போது சும்மா உட்கார்ந்திருக்கும்போது அது இறங்குவது ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர்தான். ஆழமாக இழுத்தால் பத்து சென்டிமீட்டர் வரைகூட இறங்கும். சாதாரண மூச்சில் உள்ளே வருவது சுமார் 500 மில்லி, ஒரு தேநீர்க்கடை டம்ளரைவிடப் பெரிதுதான். அதில் ஏறத்தாழ 150 மில்லி குழாய்களிலேயே நின்றுவிடும். நிமிடத்துக்குப் பதினான்கு மூச்சு என்று வைத்தால் ஒரு நாளைக்கு 20,160 மூச்சு. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடையாது.

இப்போது எல்லோரும் ஒரு கையை வயிற்றில் வையுங்கள், ஒரு கையை நெஞ்சில் வையுங்கள். மூச்சை இழுங்கள். வயிறு எங்கே போகிறது? பாதிப்பேர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டீர்கள், இங்கிருந்தே தெரிகிறது! போட்டோவுக்கு நிற்கிற பழக்கம். தூளியில் உறங்கும் குழந்தையைப் பாருங்கள். மூச்சு உள்ளே போகும்போது தொப்பை மேலே எழும். கூரை இறங்கினால் கீழே இருக்கிற குடலும் ஈரலும் எங்கே போகும்? முன்னால்தான் தள்ளும். கல்யாண விருந்தில் இரண்டாம் முறை பாயசம் வாங்கிய பிறகு மூச்சு முட்டுகிறதே, ஏன்? மேற்கட்டி இறங்க இடமில்லை. நிறைமாதக் கர்ப்பிணிக்கு அந்தத் தசையே நாலு சென்டிமீட்டர் அளவுக்கு மேலே ஏறிப்போய் நிற்கும். "மேல்மூச்சு வாங்குதும்மா" என்று அவள் சொன்னால், சரியாகத்தான் சொல்கிறாள்.

இந்தத் தசை சில நேரம் சொல்பேச்சுக் கேட்காமல் வெட்டி இழுக்கும். இழுத்த மறுகணம் தொண்டையில் குரல்வளை வாசல் படக்கென்று மூடும். அந்தச் சத்தம்தான் விக்கல். யாரோ நினைக்கிறார்கள் என்போம். அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் சார்லஸ் ஆஸ்பார்ன் என்று ஒருவர், 1922-இல் விக்கத் தொடங்கி 1990 வரை விக்கினார். அறுபத்தெட்டு ஆண்டு அவரை நினைத்துக்கொண்டே இருந்தவர் யாரோ!

இரண்டாவது கை, விலா எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் விலாவிடைத் தசைகள். வெளி அடுக்கு ஒன்று, உள் அடுக்கு ஒன்று, நார்கள் எதிரெதிர்ச் சாய்வில் ஓடும். வெளியடுக்கு சுருங்கினால் விலா எலும்புகள் உயரும். உயர்வதிலும் இரண்டு விதம். மேல்விலாக்கள் அடிபம்பின் கைப்பிடிபோல முன்பக்கம் தூக்கும். கீழ்விலாக்கள் வாளியின் பிடிபோலப் பக்கவாட்டில் தூக்கும். அடிபம்பும் வாளியும் தெரிந்த ஊருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். "மூச்சுப் பிடிச்சுக்கிச்சு டாக்டர்" என்று வளைந்துகொண்டு வருவீர்களே, மூச்சு எங்கும் பிடிக்கவில்லை. பெரும்பாலும் இந்தத் தசைகளிலோ முதுகுத் தசையிலோ ஒன்று சுளுக்கிக்கொண்டது. மூச்சு இழுக்கும்போதெல்லாம் அது வேலைக்குப் போக வேண்டியிருப்பதால் ஒவ்வொரு மூச்சிலும் குத்துகிறது. ஆனால் நெஞ்சுவலியை எல்லாம் மூச்சுப்பிடிப்பு என்று உருவிவிடாதீர்கள், அதையும் சொல்லிவைக்கிறேன்.

மூச்சை உள்ளே இழுக்க இவ்வளவு ஆள். வெளியே விட எத்தனை ஆள்? யாருமே இல்லை! அமைதியான மூச்சில் வெளியே விடுவது இலவசம். இழுபட்ட நுரையீரல் ரப்பரைப்போலத் தானே சுருங்கும், காற்று போய்விடும். ஆனால் இருமவேண்டுமா, தும்மவேண்டுமா, அடுப்பு ஊதவேண்டுமா? அப்போது வயிற்றுச் சுவரின் தசைகள் வரும். வயிற்றை இறுக்கி, குடலை மேலே தள்ளி, மேற்கட்டியைத் தூக்கிவிடும். வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்கள் இருமப் பயப்படுவது இதனால்தான். தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்வோம். இருமாமல் சளி தேங்கினால் பெரிய வம்பு.

இங்கே ஒரு விஷயம். நான் படித்ததிலேயே எனக்கு மிகப் பிடித்தது இதுதான், கொஞ்சம் நிற்கிறேன். சடுகுடு ஆடியவர்கள் எத்தனை பேர் இருக்கிறீர்கள்? ஒரே மூச்சில் பாடிக்கொண்டே போகவேண்டும், விட்டால் அவுட். நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டுகிறீர்கள். நிறைந்த நெஞ்சு என்ன செய்யப் பார்க்கும்? ரப்பர் அல்லவா, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் தள்ளிவிடப் பார்க்கும். தள்ளவிடாமல் பிடிப்பது யார்? மூச்சை உள்ளே இழுத்த அதே தசைகள்! மேட்டிலிருந்து பாரவண்டி இறங்குகிறது. மாடு முன்னால் இழுக்கவில்லை, பின்வாங்கி வண்டியைத் தாங்கிக்கொண்டு இறங்குகிறது. அதைப்போல இழுக்கும் தசை தாங்கும் தசையாகிறது. பாதி வழியில் சமதளம் வரும். அதன்பிறகு ஏற்றம். அங்கே வயிற்றுத் தசை தோள் கொடுக்கும். கடைசி "சடுகுடு" வயிறு ஒட்டிப்போய் வருகிறதே, அதுதான் ஏற்றம். ஒரே மூச்சில் நீண்ட சங்கதி வாசிக்கும் நாதஸ்வர வித்வான் செய்வதும் இதுதான். நான் இப்போது இந்த வாக்கியத்தைப் பேசி முடிப்பதும் இதுதான்.

சரி, இவ்வளவுக்கும் உத்தரவு எந்த வழியாக வருகிறது? உதரவிதானம் வயிற்றுக்கு மேலே இருக்கிறது. அதற்கான நரம்போ கழுத்திலிருந்து கிளம்புகிறது. மூன்றாம், நான்காம், ஐந்தாம் கழுத்து நரம்புகள். இது என்ன அசட்டுத்தனம், பக்கத்து வீட்டுக்கு மின்சாரம் கொடுக்க அடுத்த ஊரிலிருந்தா கம்பி இழுப்பது? காரணம் உண்டு. கருவில் இந்தத் தசை கழுத்தருகே உருவாகி, கீழே இறங்குகிறது. இறங்கும்போது தன் நரம்பைக் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது. இதில் ஒரு நன்மையும் இருக்கிறது, ஓர் ஆபத்தும் இருக்கிறது. மரத்திலிருந்து விழுந்து கழுத்தின் கீழ்ப்பகுதியில் தண்டுவடம் அறுந்தால் கைகால் போகலாம், மூச்சு நிற்காது. மூன்றுக்கு மேலே அறுந்தால்? சூப்பர்மேன் படத்தில் பறந்த கிறிஸ்டஃபர் ரீவ் 1995-இல் குதிரையிலிருந்து விழுந்தார். அடி, முதல் இரண்டு கழுத்தெலும்புகளில். அந்த நொடியே மூச்சு நின்றது. பிறகு அவரை வாழவைத்தது வெண்டிலேட்டர். 2003-இல் அவருடைய உதரவிதானத்தில் மின்கம்பிகளைப் பொருத்தி, மின்சாரம் செலுத்தி அந்தத் தசையை வேலை செய்யவைத்தார்கள். நல்ல தசைதான், சேதி வராமல் சும்மா கிடந்த தசை. ஆகவே விபத்தில் விழுந்து கிடப்பவரை யாரும் கைகால் பிடித்து அள்ளி ஆட்டோவில் திணிக்காதீர்கள். கழுத்தை அசைக்காமல், பலகைபோலத் தூக்குங்கள்.

இனி ஒரு நகரத்துக்கு உங்களை அழைத்துப்போகிறேன். கோபன்ஹேகன், டென்மார்க். 1952, ஆகஸ்ட் மாதம். போலியோ.

போலியோவை நாம் காலோடு சேர்த்தே நினைக்கிறோம், சூம்பிய கால். ஆனால் கிருமி கழுத்துத் தண்டுவடத்திலும் மூளையடியிலும் புகுந்தால் மூச்சுத் தசை படுத்துவிடும். அந்தக் காலத்தில் அதற்கு இருந்தது இரும்பு நுரையீரல். பெரிய உருளைப் பெட்டி, தலை மட்டும் வெளியே. பெட்டிக்குள் காற்றழுத்தத்தைக் குறைத்து நெஞ்சை விரியவைக்கும். மேயோவின் துருத்தியேதான், வெளியிலிருந்து இழுப்பது. அந்த ஊர்ப் பிளெக்டாம் மருத்துவமனையில் அப்படிப்பட்ட பெட்டி ஒன்றே ஒன்று. முதல் சில வாரங்களில் மூச்சுத்தசை முடங்கி வந்த 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். அப்போது யாரைக் கூப்பிட்டார்கள்? ஒரு மயக்க மருந்து டாக்டரை! பியோர்ன் இப்சன். எங்கள் சாதிக்காரர் என்று நான் பெருமைப்பட்டுக்கொள்ளும் ஒரே சாதி இதுதான். அவர் என்ன சொன்னார்? "ஆபரேஷன் தியேட்டரில் தினமும் மூச்சு நின்றவர்களைக் கையால் பையை அமுக்கிப் பிழைக்கவைக்கிறோமே, அதை இங்கே ஏன் செய்யக்கூடாது" என்ற பொருளில் கேட்டார். பன்னிரண்டு வயதுச் சிறுமி, சாகக் கிடந்தவள். கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்து, பையை அமுக்கினார். பிழைத்தாள்.

ஒருத்திக்கு அமுக்கலாம். ஒரே நேரத்தில் எழுபது பேருக்கு யார் அமுக்குவது? மாணவர்களைக் கூப்பிட்டார்கள். மருத்துவ மாணவர்கள், பல்மருத்துவ மாணவர்கள், மொத்தம் சுமார் ஆயிரத்து ஐந்நூறு பேர். முறைவைத்து வந்தார்கள். ஒவ்வொரு கட்டிலருகிலும் ஒரு மாணவன். கையில் ஒரு ரப்பர் பை. அமுக்கு, விடு. அமுக்கு, விடு. இரவெல்லாம், வாரக்கணக்காக, மாதக்கணக்காக. அந்த நோயாளிகளுக்கு உதரவிதானம் எங்கே இருந்தது? முன்பின் தெரியாத ஒரு மாணவனின் உள்ளங்கையில் இருந்தது! பத்தில் எட்டுக்கு மேல் இருந்த சாவு பாதிக்கும் கீழே இறங்கியது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற ஏற்பாடே அந்தக் கட்டில்களின் நடுவிலிருந்துதான் பிறந்தது. நம் ஆஸ்பத்திரிகளில் ஆம்பு பேக் என்று கறுப்பாகவோ நீலமாகவோ ஒரு பை தொங்குமே, அதுவும் 1956-இல் டென்மார்க்கிலிருந்து வந்ததுதான்.

வீட்டுக்கு உதவுகிற மாதிரி ஒன்று சொல்லாமல் போனால் தாய்மார்கள் கோபித்துக்கொள்வார்கள். சளிக்காய்ச்சல் கண்ட குழந்தையின் சட்டையைக் கழற்றுங்கள். அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 60, ஒரு வயதுவரை 50, ஐந்து வயதுவரை 40, இந்த எண்ணிக்கையை எட்டினால் வேகமூச்சு. மூச்சு இழுக்கும்போது விலாவுக்கு அடியில் நெஞ்சு குழிந்து உள்ளே போகிறதா? கழுத்துத் தசைகள் துடிக்கின்றனவா? மூக்கு விடைக்கிறதா? அப்படியென்றால் வழக்கமாக வேலைக்கு வராத தசைகளையெல்லாம் உதவிக்கு அந்தக் குழந்தை கூப்பிட்டுவிட்டது என்று பொருள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பெரியவர்கள் இளைப்பு வந்தால் முழங்காலில் கையூன்றிக் குனிந்து உட்காருவதும் இதனால்தான். கை ஊன்றிக்கொண்டால் தோள் நிலைப்படும், தோளில் தொற்றியிருக்கும் தசைகள் விலாவைத் தூக்க உதவும்.

கடைசியாக நம் மண்ணுக்கு வருகிறேன். கட்டுவிரியன்.

இரவில் வரும். தரையில் பாய்போட்டுப் படுத்திருப்பவரைக் கடிக்கும். வீக்கம் இருக்காது, வலிகூடப் பெரிதாக இருக்காது. விடிகாலையில் வயிற்றுவலி என்பார், இமை கனக்கிறது என்பார், தூக்கக் கலக்கம் என்று வீட்டார் நினைப்பார்கள். பிறகு எச்சில் விழுங்க முடியாது. அப்புறம் மூச்சு. வாட்டர்டனின் கழுதைக்கு நடந்ததுதான், ஆனால் இன்னும் மோசம். நரம்பின் நுனியையே அது பாழாக்கிவிடும். விஷமுறிவு மருந்து கட்டாயம் வேண்டும், மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுக்கும் விஷம் அந்த மருந்துக்குத்தான் போகிறது. ஆனால் பாழான நரம்பு நுனி மீண்டும் முளைக்கச் சில நாள் ஆகும். அதுவரை மூச்சுக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டும்.

அப்படி ஒருவர் வந்தால் நாங்கள் ஒரு பரிசோதனை செய்வோம். கருவி கிடையாது. நன்றாக மூச்சை இழுத்து, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வோம். சடுகுடுவேதான்! நல்ல உடம்புக்காரர் நாற்பதைத் தொடுவார். அரைமணிக்கு ஒருதரம் எண்ணவைப்போம். முப்பது இருபத்தைந்தாகி, இருபத்தைந்து பதினைந்தானால் எங்களுக்கு அடிவயிறு கலங்கும்.

பல வருடங்களுக்கு முன் ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் நான் இருந்தபோது பதினான்கு வயதுப் பையனைக் கொண்டுவந்தார்கள். வந்தபோது இருபத்திரண்டு எண்ணினான். அரைமணியில் ஒன்பது. குழாய் போட்டுவிட்டேன். வெண்டிலேட்டர் உள்ள ஆஸ்பத்திரியில் காலையில்தான் இடம் கிடைக்கும் என்றார்கள். ராத்திரி முழுக்க ஆம்பு பேக். நானும் ஒரு நர்சம்மாவும் மாறி மாறி அமுக்கினோம், மற்ற நோயாளிகளையும் பார்க்கவேண்டுமே! அவன் அண்ணன், இருபது வயது இருக்கும், செங்கல் சூளையில் வேலை. "நான் அமுக்குறேன் சார்" என்று வாங்கிக்கொண்டான். நாலு எண்ணி ஓர் அமுக்கு என்று சொல்லிக்கொடுத்தேன். சத்தமாக எண்ணிக்கொண்டே அமுக்கினான். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. பையன் கிடந்தான், கட்டைபோல. கண் திறக்கவில்லை, விரல் அசையவில்லை. பார்த்தவர்கள் போய்விட்டது என்றே பேசினார்கள். அவன் காதருகிலேயே பேசினார்கள்.

காலையில் வெண்டிலேட்டருக்குப் போனான். நாலாம் நாள் நான் பார்க்கப் போயிருந்தேன். குழாயில் பையை மாட்டி, அமுக்காமல் சும்மா பிடித்துக்கொண்டேன். என் கைக்குள் பை லேசாக ஒருமுறை சுருங்கியது. நான் சுருக்கவில்லை. உள்ளேயிருந்து அவன் இழுத்தான்.

பத்து நாள் கழித்து வீட்டுக்குப் போகுமுன் என்னிடம் வந்தான். "உனக்கு ஏதாவது ஞாபகம் இருக்காடா?" என்று கேட்டேன். "எல்லாம் கேட்டுச்சு சார்" என்றான். பிறகு அண்ணன் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அண்ணன் நடுவுல ஒரு தடவ தூங்கி விழுந்திருச்சு சார். திட்டாதீங்க. அது முழிக்கிற வரைக்கும் நான்தான் உள்ளுக்குள்ள எண்ணிக்கிட்டு இருந்தேன்."